மஞ்சப்பையில் போட்ட போன்

இன்று காலை விழுப்புரம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர் லூர்துமேரி. திண்டிவனத்தை ஒட்டிய ஒரு காலனிக்காரர். விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் சமையல்கட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போனை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். அது அடித்தபோது உடனே எடுக்கவில்லை. முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர், படிக்கட்டில் நிற்பவர் என்று எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகுதான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யார் என்று மெதுவாகக் கேட்டார். பேசியது மகள். சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாயே என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பேசி முடித்ததும் மறுபடி ஒருமுறை எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

ஒரு போன் மணிக்கு ஒரு மனுஷி இப்படிப் பயப்படுவாரா என்று கேட்டதும், விழுப்புரம் வரும்வரை நிறுத்தாமல் சொன்னார். கேட்டது ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதனால் எழுதவில்லை.

போன வருஷம் வரைக்கும் லூர்துமேரி குப்பம்மாள் செட்டில் இருந்தார். பத்துப் பதினோரு பெண்கள் சேர்ந்து கொல்லை வேலைக்கு, அதாவது வயல் வேலைக்குப் போவதற்குப் பேர்தான் செட்டு. மல்லாட்டை என்கிற நிலக்கடலை அறுப்புக் காலத்தில் கொல்லைக்காரர்கள் தனித்தனி ஆளாகக் கூப்பிடுவதில்லை. செட்டாகத்தான் பேசுவார்கள். செட்டில் ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவர்கள் இழுத்துப் பறித்து அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அதனால் செட்டை விட்டுப் போனவளை வேறு எந்தச் செட்டும் லேசில் சேர்க்காது. வயதில் மூத்தவர் குப்பம்மாள். யார் எந்த வரிசையில் உட்கார வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று அவர்தான் சொல்வார்.

இவர்களைக் கூட்டிக்கொண்டு போவது தென்னரசுவின் குட்டியானை. சின்ன லோடு வண்டியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பின்கதவில் இறக்கை விரித்த கழுகுப் படம். சாமான் ஏற்றுகிற வண்டியில் ஆள் ஏறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விடிந்ததும் கொல்லையில் நிற்க வேண்டும் என்றால் எந்த பஸ்ஸை நம்புவது? மேடை போட்டாற்போல ஒரு படுதாவை விரித்து, கூடை, பாத்திரம், அரிவாளோடு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பைபாஸ் ஏறி, விக்கிரவாண்டியில் இறங்கி, உள்ரோடு பிடித்து எங்கெங்கோ போவார்கள்.

தென்னரசு யாரோ எவரோ இல்லை. அதே தெரு. லூர்துமேரியைச் சின்னம்மா என்றும், அவர் கணவர் தேவசகாயத்தைச் சித்தப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவன். தேவசகாயத்துக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு வாய் கோணிய அன்றைக்கு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் தன் வண்டியில் போட்டு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தவன் அவன்தான். வார்டில் பெட்பேன் பிடித்தவனும் அவன்தான். டீசல் காசுகூட வாங்கவில்லை. அந்தத் தெருவில் யாருக்கு வலி எடுத்தாலும் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான்.

அவன்தான் குடிப்பான்.

காலையில் பெண்களைக் கொல்லையில் இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே தூங்குவான். மத்தியானம் எழுந்து கடைப்பக்கம் போவான். சாயங்காலம் வரும்போது கண் சிவந்து, பேச்சு இழுத்து, கியர் போடும்போது வண்டி ஒரு குதி குதிக்கும். வேலைக்குப் போகும்போது அந்த வண்டியில் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். திரும்பும்போது சத்தமே இருக்காது. குப்பம்மாள் மயிலம் முருகனைக் கூப்பிடுவார். லூர்துமேரி ஜெபமாலையை உருட்டுவார். மற்றவர்கள் பக்கத்துப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும், நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அவனிடமே கேட்பார்கள்.

லூர்துமேரியும் அப்படித்தான் இருந்தார். மகள் ரோஜா வண்டியில் ஏறும்வரை.

ரோஜா பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங்குக்குப் போட்டுக் காத்திருந்தாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் செட்டோடு வந்தாள். வேண்டாம் என்று தாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. சின்னப்பெண் என்பதால் காற்று வாங்கட்டும் என்று பின்கதவு ஓரமாக இடம் கொடுத்தார்கள். ஒரு சாயங்காலம் கூட்டேரிப்பட்டுக்கு முன்னால், சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, தென்னரசு எதிர்த்திசை ரோட்டில் வண்டியை விட்டான். எதிரே ஒரு ஆம்னி பஸ். ஹாரன் சத்தத்தில் காது அடைத்துப்போனது. வண்டியை ஒடித்தான். பின்கதவுக் கொக்கி கழன்று ரோஜா அப்படியே வெளியே சரிந்தாள். இடுப்பு வரைக்கும் வெளியே போய்விட்டது. அம்சா என்கிற பெண் எட்டிப் பிடித்தாள். கையில் கிடைத்தது ஜடைதான். ஜடையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து மகள் தலையில் எண்ணெய் வைத்தபோது லூர்துமேரி பார்த்தார். வகிடு ஓரமெல்லாம் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. விரல் பட்டதும் ரோஜா துடித்தாள். அந்த முடி பிய்ந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தார். அதற்குப் பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

நின்றுவிடு என்று சொல்லியும் கேட்காமல் மறுநாளும் ரோஜா செட்டோடு கிளம்பினாள். கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டே லூர்துமேரி மெதுவாகப் பேச்சை எடுத்தார். யாராவது போலீஸில் சொன்னால் என்ன? வாயைத் திறந்ததுதான் தாமதம், எல்லோருக்கும் ஒரு பயம் கையில் தயாராக இருந்தது. வேணியின் மாமனார் ஒரு ஆக்சிடென்டைப் பார்த்தேன் என்று சொன்ன பாவத்துக்கு விழுப்புரம் கோர்ட்டுப் படியில் வருஷக்கணக்காக உட்கார்ந்தாராம். நூறுக்குப் போட்டால் பேர், ஊர், புருஷன் பேர் எல்லாம் கேட்பானாம். அது அன்றைக்கே ஊருக்கு வந்துவிடுமாம். வண்டியைப் பிடித்துக்கொண்டு போனால் நாளைக்கு நடந்தா போவது என்றாள் ஒருத்தி. லோடு வண்டியில் ஏறினதற்கு நம்மையும் சேர்த்துத்தான் பிடிப்பான் என்றாள் இன்னொருத்தி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு குப்பம்மாள் மண் உதறுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"அவன் நம்ம புள்ளடி. நம்ம புள்ளய நாமளே புடிச்சிக் குடுத்துட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்தத் தெருவுல தண்ணி புடிப்ப?"

வீட்டில் தேவசகாயமும் அதையே சொன்னார். அன்றைக்கு அவன் இல்லையென்றால் நான் இந்தக் கட்டிலில் இருப்பேனா என்று கேட்டார்.

சரி, அவனிடமே சொல்லிப் பார்ப்போம் என்று துணிந்தார். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மத்தியானத்தில் மட்டும் வேண்டாமே, வீட்டுக்கு வந்து குடியேன் என்று கெஞ்சினார். அவன் சிரித்துவிட்டான்.

"சின்னம்மா, ஊத்திக்கினாத்தான் எனக்கு கை ஸ்டெடியா நிக்கும். ஊத்திக்காம ஓட்டுனாத்தான் நீங்க பயப்படணும்."

இதைச் சொல்லிவிட்டு அவன் வாளித் தண்ணீரை டயரில் ஊற்றியபோது கை நடுங்கியதை அவர் பார்த்தார். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஈரக் கொல்லையில் குனிந்து நிமிரும்போது போன் சேற்றில் விழுந்துவிடும். வேணியின் போன் ஒருமுறை செடிக் குவியலோடு போய் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. அன்றிலிருந்து எல்லோர் போனும் ஒரே மஞ்சப்பையில். பை தென்னரசுவின் சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும். சாப்பாட்டு நேரத்தில் பை கீழே வரும். அவரவர் எடுத்து வீட்டுக்குப் பேசிவிட்டு மறுபடி போட்டுவிடுவார்கள். நடுவில் எது அடித்தாலும் தென்னரசுவே எடுப்பான். அவங்க கொல்லையில இருக்காங்க, சாயந்தரம் பேசுங்க என்று நல்லபடியாகச் சொல்லி வைப்பான். வீடுகளில் எல்லோருக்கும் அது பழகிப்போன குரல்.

அவனிடம் கெஞ்சிப் பார்த்த மறுநாள் வேலை மண்டகப்பட்டுப் பக்கம், பச்சைமுத்து என்பவரின் கொல்லையில். முந்தின நாள் மழை பெய்து மண் நல்ல பதமாக இருந்தது. பாறை மேட்டைப் பார்த்தாற்போல வரிசை போட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டுக்கு வண்டி நிழலில் உட்கார்ந்தபோதே லூர்துமேரிக்கு வாடை அடித்தது. கடை திறப்பதற்கு முன்னாலேயே யாரிடமோ வாங்கிக் குடித்திருக்கிறான். இன்னும் மத்தியானக் கணக்கே ஆரம்பிக்கவில்லை. ரோஜா கூழைக் கரைத்துக்கொண்டே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஜடையையே பார்த்துக்கொண்டிருந்தார் தாய்.

பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, ஒதுங்கப் போவதுபோல வேப்பமரத்துக்குப் பின்னால் போனார். ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். அவ்வளவுதான். அதை அழுத்துவதற்குள் உள்ளங்கை வேர்த்து எண் பட்டன் வழுக்கியது.

ஒரு பெண் குரல் வந்தது. லூர்துமேரி மூச்சு விடாமல் சொன்னார். மண்டகப்பட்டு கிட்ட, லோடு வண்டி, பொம்பளைங்கள ஏத்திக்கினு வரும், டிரைவர் குடிச்சிருக்காரு, சாயந்தரம் விக்கிரவாண்டி டோல்கேட் வழியா போகும். வண்டி எண் என்ன என்று கேட்டார்கள். மூன்று வருஷமாக ஏறி இறங்குகிற வண்டி. எண் தெரியவில்லை. பின்னாடி கழுகுப் படம் இருக்கும் என்றார். உங்கள் பெயர் என்று கேட்டதும் கட் பண்ணிவிட்டார்.

திரும்பி வருவதற்குள் குப்பம்மாள் எழுந்து சேலையை உதறியாகிவிட்டது. எல்லோரும் எழுந்தாகிவிட்டது. ரோஜா பையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் வாங்கிக்கொண்டிருந்தாள். பை முன்னால் வந்தது. தினமும் செய்கிற காரியம். கை தானாகப் போனது. போன் பைக்குள் விழுந்தது. பை கொக்கியில் ஏறியது. தென்னரசு வண்டியை எடுத்துக்கொண்டு சேறு தெறிக்கக் கிளம்பினான்.

வரிசையில் உட்கார்ந்து முதல் செடியைப் பிடித்த பிறகுதான் லூர்துமேரிக்கு உறைத்தது.

வேரோடு வந்த செடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் திருப்பிக் கூப்பிடும். வழி கேட்கும், பேர் கேட்கும். எடுப்பது தென்னரசு. யாரைப் பற்றிச் சொன்னாரோ அவன் காதிலேயே போய் அது விழும். அந்தப் பையில் இருக்கும் பதினோரு போனில் மாதா படம் ஒட்டினது ஒன்றே ஒன்றுதான்.

ஏம்மா ஒரு மாதிரி இருக்க என்று ரோஜா கேட்டாள். வெயில் என்றார். தண்ணீர் கொடுத்தாள். அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. ரோட்டுப் பக்கம் ஒரு டிராக்டர் போனாலும் முதுகு கூசியது என்றார். ஒரு சமயம், போலீஸ் கூப்பிடவே கூடாது சாமி என்று வேண்டினாராம். இன்னொரு சமயம், கூப்பிடாவிட்டால் சாயங்காலம் என்ன ஆவது என்று பயந்தாராம். ஒரே வாயால் இரண்டையும் வேண்டிக்கொண்டு செடி பிடுங்கினார்.

வண்டி திரும்பி வந்தது. வழக்கமாக வருகிற நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே. வரப்பை ஒட்டிப் பெரிய சத்தத்தோடு நின்றது. தென்னரசு இறங்கினான். ஒரு கையில் மஞ்சப்பை. இன்னொரு கையில் ஒரு போன்.

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்கிறார் லூர்துமேரி. வரப்பில் நின்றுகொண்டு எல்லோரையும் பார்த்தான்.

"போலீஸ் பட்ரோல் ஜீப்ல இருந்து பேசுனாங்க. இந்த நம்பர்ல இருந்து நூறுக்கு போன் வந்துச்சாம். சின்னப் புள்ள எதோ தெரியாம அமுக்கிடுச்சி சார், மன்னிச்சிக்கோங்கன்னு சொல்லிட்டேன். சரின்னு வச்சிட்டாங்க. யாரப் பத்தி சொல்லக் கூப்பிட்டதுன்னு எனக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் போலீஸ் வராது.

"போன் சின்னம்மாளுது. அது தெரியுது. சின்னம்மா பண்ணியிருக்காது. பட்டன தேடித் தேடி அமுக்கற ஆளு." அவன் பார்வை மெல்லத் திரும்பியது. "நீ பண்ணியா ரோஜா? படிச்ச புள்ள. நூறு கிறு எல்லாம் ஒனக்குத்தான தெரியும்?"

ரோஜா விழித்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நான் இல்லண்ணா என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவன் ஒரு அடி கிட்டே வந்தான்.

"நான்தான் பண்ணேன்" என்றார் லூர்துமேரி. எழுந்து நின்றது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. "அவளக் கேக்காத. நான்தான்."

தென்னரசு அவரை ரொம்ப நேரம் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேனே என்று மட்டும் சொன்னான். பிறகு அந்த மாதா படம் போட்ட போனைத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மற்ற போன்களோடு பையை வண்டிக்குள் எறிந்தான்.

"ஏறுங்க எல்லாரும். வேல போதும். எப்டி ஓட்றேன்னு இன்னிக்கு காட்றேன்."

பெண்கள் அவனைத் திட்டவில்லை. லூர்துமேரியைத்தான் திட்டினார்கள். யாரைக் கேட்டுப் பண்ணினாய் என்று குப்பம்மாள் கேட்டார். வேணி அழுதுகொண்டே, இப்போ யாரு பதில் சொல்றது என்றாள். திட்டிக்கொண்டே கூடையை எடுத்தார்கள். திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினார்கள். ஏறாமல் நின்றால் அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் அல்லவா. லூர்துமேரி ரோஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்றார். அம்சா பின்கதவில் கால் வைத்தபோது அவள் முந்தானையைப் பிடித்தார்.

"அம்சா, நீ ஏறாதடி. எங்கூட வா."

"பால்வாடி வுட்டுட்டு புள்ள தனியா நிக்கும்க்கா" என்றாள் அம்சா. முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "சீக்கிரமா போனாத்தான் ஆவும்."

வண்டி கிளம்பிய வேகத்தில் உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கழுகுப் படம் வளைவில் ஆடி ஆடி மறைந்தது.

கையில் போன் இல்லை. கொல்லைக்காரர் பச்சைமுத்து பைக்கில் வந்தார். லூர்துமேரி நடந்ததைச் சொல்லி, ஒரே ஒரு போன் போடக் கொடுங்கள் ஐயா என்று கேட்டார். அவர் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டார். அவருக்கும் பயம். இன்னும் பாதிக் கொல்லை நிற்கிறது, நாளைக்கு ஆள் வர வேண்டும். தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் நம்பர்ல வேணாம்மா. ஒண்ணு பண்றேன். செஞ்சி ரோட்டுல ஹெல்மெட் புடிக்க ஜீப் நிக்கும். கொண்டுபோய் வுடறேன். நீங்களே பேசிக்கங்க. நான் யாருன்னு கேட்டா தெரியாதுன்னுடணும்."

மூன்று பேர் பைக்கில். ஜீப் தெரிந்ததும் புளியமரத்தடியிலேயே இறக்கிவிட்டு, ஹெல்மெட் இல்லாத தன் தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தப் புளியமரத்திலிருந்து ஜீப் வரைக்கும் நடந்த தூரம்தான் தன் வாழ்க்கையிலேயே பெரிய தூரம் என்றார் லூர்துமேரி. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சொல்வது வேறு. காக்கிச் சட்டைக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு சொல்வது வேறு. இந்த முறை பெயரைக் கேட்டார்கள். சொன்னார். ஊரைக் கேட்டார்கள். சொன்னார். புருஷன் பெயர், ஓட்டுகிறவன் பெயர், அவன் உனக்கு என்ன வேண்டும் என்பதுவரை கேட்டார்கள். மகன் முறை என்றார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மத்தியானம் சின்னப்பிள்ளை அழுத்தியது என்றார்களே, அந்த நம்பரா என்றார். மைக்கில் டோல்கேட்டுக்குச் சொன்னார். அடையாளம் காட்ட வேண்டும், இரண்டு பேரும் ஏறுங்கள் என்றார்.

போலீஸ் ஜீப்பில் ஏறினது அதுதான் முதல் தடவை. உள்ரோட்டில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும், கவிழ்ந்து கிடக்கும் ஒரு வண்டியை எதிர்பார்த்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கூட்டம். ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ரோஜா, அம்மா என்று கையை நசுக்கினாள். லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டார். அம்சாவின் பிள்ளை பால்வாடி வாசலில் நிற்பதுதான் தெரிந்தது. நான் சும்மா இருந்திருந்தால் எப்போதும்போலப் போயிருப்பானே, நான் அவனைக் கோபப்படுத்தித்தானே இப்படி ஆனது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜீப் நின்றது. கரும்பு டிராக்டர். ஒரு பக்கம் சரிந்து கட்டுகள் ரோட்டில் கொட்டிக் கிடந்தன. வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றுமே இல்லை.

டோல்கேட்டில் குட்டியானை ஓரமாக நின்றது. முன் விளக்கு உடைந்து, பக்கவாட்டுத் தகடு நீளமாக உரிந்து போயிருந்தது. வழியில் எதையோ உரசியிருக்கிறான். பெண்கள் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லூர்துமேரி எண்ணிப் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள். அம்சாவின் நெற்றி புடைத்திருந்தது. ஆனால் இருந்தாள்.

தென்னரசுவை ஊதச் சொன்னார்கள். ஊதினான். பெண்களையும் ஒரு போலீஸ்காரர் திட்டினார். லோடு வண்டியில் ஏறலாமா, உயிர் மேல் ஆசை இல்லையா என்று. தென்னரசுவை ஜீப்பில் ஏற்றும்போது அவன் லூர்துமேரிக்கு நேரே நின்றான்.

"சித்தப்பாவ பத்தரமா பாத்துக்குங்க சின்னம்மா."

பாசத்தில் சொன்னானா, மிரட்டினானா. இன்றுவரைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார்கள். தாய் பக்கத்தில் மகளைத் தவிர யாரும் உட்காரவில்லை. மறுநாள் காலையில் குப்பம்மாளிடமிருந்து ஆள் வந்தது, இனிமேல் வர வேண்டாம் என்று. போன் இரண்டு நாள் கழித்து வாசற்படியில் இருந்தது. தென்னரசுவின் மனைவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், கதவைத் தட்டாமலே. அவனுக்கு லைசென்ஸ் போய், கேஸ் நடக்கிறது. ஊரில்தான் இருக்கிறான். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். சில நாள் குனிவதில்லை. தெருவில் வண்டி எதுவும் வேகமாகத் திரும்பினால் தேவசகாயம் கட்டிலை விட்டு எழுந்து, நல்ல காலை ஊன்றி, கதவைச் சாத்துகிறார். மனைவி மேல் அவருக்கு இன்னும் கோபம். ஆனாலும் சாயங்காலம் லூர்துமேரி வீடு திரும்பும்வரை சோற்றுத் தட்டைத் தொடுவதில்லை.

ரோஜா விழுப்புரத்தில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். செட்டுக்கு வேறு வண்டி, வேறு டிரைவர். அது யாரால் வந்தது என்று காலனியில் ஒருவரும் பேசுவதில்லை. போன மாதம் தண்ணீர்க் குழாயடியில் அம்சா மட்டும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாளாம்:

"புது ஆளு மெதுவாத்தான் ஓட்றாருக்கா. வர்றப்போ தூங்கிக்கினே வர்றோம்."

இதைச் சொல்லும்போதுதான் லூர்துமேரி பஸ்ஸில் முதல்முறையாக அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். அடுத்த நிமிஷமே, இல்லை, சொல்லுங்கள், ஊரை மட்டும் சொல்லாதீர்கள் என்றார்.

அதனால் கேட்கிறேன், இதை ஷேர் பண்ணுங்கள். பிள்ளையை லோடு வண்டியில் வேலைக்கு அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் இது போய்ச் சேரட்டும். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். போலீஸில் சொன்னதற்காக யாரும் பேசாமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள். இன்றைக்கு ஒரு நடை அவர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.